காதில் ஐரோப்பியச் சட்டம், சந்தியில் மோட்டார் சைக்கிள்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது முப்பதைத் தாண்டியவர். தனியார் நிறுவனம் ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை. தொழில்நுட்பச் சட்டத்தில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணமும் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவர் ஓடும் வீதிகளின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், காரணம் போகப் போகப் புரியும். கடிதத்தின் சாரம் இதுதான்.

வாரத்தில் நாலைந்து நாள், விடியப்புறம் ஐந்து மணிக்கு அவர் ஓடப் போகிறார். காதில் பாட்டு இல்லை. பல்கலைக்கழகங்கள் இணையத்தில் போடும் உரைகளைக் கேட்கிறார். சமூக ஊடக நிறுவனங்களின் பொறுப்பு எதுவரை, செயற்கை நுண்ணறிவை எப்படிச் சட்டத்துக்குள் கொண்டுவருவது, தரவுப் பாதுகாப்பு என்று தலைப்புகள் போகின்றன. ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் கேட்பாராம். "வேலை, வீடு, சமையல் எல்லாம் போக எனக்கென்று கிடைக்கிற ஒரே ஒரு மணித்தியாலம் அது, அக்கா" என்று எழுதியிருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா வாங்கி அனுப்பிய ஜிபிஎஸ் கைக்கடிகாரம், ஓடிய தூரத்தையும் பாதையையும் தானாகவே ஒரு செயலியில் ஏற்றிவிடும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததும் அண்ணாதான்.

சில வாரங்களாக, முகப்படம் இல்லாத ஒரு கணக்கு அவருடைய ஒவ்வொரு ஓட்டத்துக்கும் லைக் போடுகிறது. அதே காலத்தில் ஒரு சந்தியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் ஒருவர், ஒரு நாள் "இண்டைக்குப் பிந்திட்டீங்கள் போல" என்று சொல்லியிருக்கிறார். வாசகி பாதையை மாற்றினார். மூன்றாம் நாள் புதுப்பாதையிலும் அதே மோட்டார் சைக்கிள். அதோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், "இருட்டுக்குள்ள காதையும் அடைச்சுக்கொண்டு ஓடாதை எண்டு அப்பவே சொன்னனான்" என்று அம்மா தொடங்குவா என்ற பயம்.

அவருடைய கேள்விகள்: ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உலகத்தில் யாருக்கும் பொருந்தும் என்று ஓர் உரையில் கேட்டிருக்கிறார். அதைக் காட்டித் தன் தரவுகளை அழிக்கும்படி நிறுவனத்துக்கு எழுதலாமா? கணக்கை உடனே மூடிவிடலாமா? இணையப் பாதுகாப்புக்கென்று இலங்கையில் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தின் கீழ் அந்த ஆள்மீது முறைப்பாடு செய்யலாமா? இதோடு வேறொரு விடயமும் உண்டு. கேட்ட உரைகளைத் தமிழில் சுருக்கி, குரல் பதிவாக நண்பர்களின் வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். "படிப்புக்காக, இலவசமாகச் செய்வதால் பதிப்புரிமைப் பிரச்சினை வராதுதானே?" என்று கேட்கிறார். உரைகளை யூடியூபிலிருந்து ஏதோ ஒரு தளம் வழியாக ஒலிக்கோப்பாக மாற்றி இறக்குகிறார். அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான ஓர் இணையவழிக் கருத்தரங்கையும் போனில் பதிந்து வைத்திருக்கிறார். கடைசியாக, ஓடிக்கொண்டு கேட்பது மண்டையில் ஏறாது என்று தம்பி கேலி செய்கிறாராம்.

அன்புள்ள தங்கச்சி,

கடிதம் முழுக்க உங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். இருட்டில் ஓடியது, காதில் மாட்டியது, கணக்கைப் பார்க்காமல் விட்டது என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். பொது வீதியில் ஓடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பின்தொடர்ந்து வருபவர் ஒருவர் இருந்தால், விளக்கம் சொல்லவேண்டியவர் அவர்தான்.

அதேநேரம், அந்தக் கணக்கும் அந்த மனிதரும் ஒரே ஆள் என்பது இன்னும் உங்கள் ஊகம் மட்டுமே. ஒரே சந்தியை ஒரே நேரத்தில் கடக்கும் ஒருவரைக் கவனிப்பதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. அந்த நேரத்தில் தேத்தண்ணிக் கடை வாசலில் நிற்கும் எல்லோருக்கும் நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று தெரிந்திருக்கும். லைக் போடுபவர் கடல் கடந்து எங்கேயோ இருக்கும் இன்னொரு ஓட்டக்காரராகவும் இருக்கலாம். ஆனால் பாதையை மாற்றிய மூன்றாம் நாளே அவர் அங்கேயும் வந்து நின்றார் என்பதை என்னால் இலகுவில் தள்ளிவிட முடியவில்லை. முதல் இரண்டு நாளின் புதுப்பாதையும் செயலியில் பகிரங்கமாகக் கிடந்திருக்கிறது. ஆகவே பாதுகாப்பைப் பொறுத்தவரை இருவரும் ஒருவரே என்று எடுத்துக்கொண்டு நடவுங்கள். முறைப்பாடு எழுதும்போது மட்டும் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். "இவர்தான் அந்தக் கணக்கை வைத்திருப்பவர்" என்று எழுதிவிட்டு அதை நிரூபிக்க முடியாமல் போனால், உண்மையாக நடந்த மற்ற விடயமும் சேர்ந்து பலவீனப்படும்.

அழிக்க முன் சேமியுங்கள்

கணக்கை உடனே மூடவேண்டும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் இன்றைக்கு மூடவேண்டாம். மூடினால் யார் எந்தத் திகதியில் லைக் போட்டார் என்ற பதிவும் சேர்ந்து போய்விடும். பிறகு உங்கள் கையில் இருப்பது ஞாபகம் மட்டும்தான்.

முதல் வேலையாக அண்ணாவுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். கணக்கு அவருடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால் அதை உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் செயலி அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் கனடாவுக்குத்தான் போகும். அப்புறம் ஒவ்வொரு ஓட்டத்தின் பக்கத்தையும் திறந்து, திகதியும் லைக் போட்டவர்களின் பட்டியலும் ஒன்றாகத் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அந்தக் கணக்கின் முகப்பையும் அதன் இணைய முகவரியையும் எடுங்கள். இப்படிப்பட்ட செயலிகளில் உங்கள் தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் அமைப்புகளுக்குள் எங்காவது ஒளிந்திருக்கும், அதையும் கேட்டு எடுத்துவையுங்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி வைத்திருக்கிறது. வெட்டி ஒட்டாத, திருத்தாத, மூல வடிவிலேயே வைத்திருப்பதுதான் முக்கியம்.

ஒரு கொப்பியில் கையால் எழுதியும் வையுங்கள். திகதி, நேரம், இடம், அவர் சொன்ன சொல் அப்படியே, மோட்டார் சைக்கிளின் இலக்கம், அப்போது அங்கே வேறு யார் நின்றார்கள் என்பவை போதும். பாண்காரரின் ஓட்டோ அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் வரும் என்று எழுதியிருக்கிறீர்களே, அவரையும் எழுதுங்கள். இலக்கத்தைப் பார்க்கவென்று கிட்டப் போகவேண்டாம். அந்தக் கணக்குக்கு "யார் நீங்கள்" என்று செய்தி அனுப்பவும் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு பூட்டுங்கள். இனி வரும் ஓட்டங்களை "எனக்கு மட்டும்" என்று மாற்றினால் பழைய ஓட்டங்களும் தானாக மறையும் என்று நினைக்கவேண்டாம். பல செயலிகளில் பழையவற்றைத் தனியாக மாற்றவேண்டும். தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். அந்தக் கணக்கைத் தடை செய்வது கடைசி வேலை. தடை செய்தவுடன் அவருக்கு விளங்கிவிடும்.

நீங்கள் கடிதத்தோடு இணைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செம்மஞ்சள் கோடு பிரதான வீதியிலிருந்து இறங்கி, ஒழுங்கைக்குள் திரும்பி, ஒரு வளவின் படலையில் வந்து நிற்கிறது. கீழே உள்ள பட்டியலில் எல்லா ஓட்டமும் அதே படலையில்தான் தொடங்குகிறது. பக்கத்தில் நேரம்: 5.04, 5.07, 5.02. இதை வைத்திருக்கும் ஒருவர் உங்களைப் பின்தொடரவே தேவையில்லை. முன்னாலேயே போய் நிற்கலாம்.

இது உங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை. ஓட்டங்களைப் பதியும் செயலியை நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் பயனர்களின் ஓட்டங்களையெல்லாம் கூட்டி ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் அவுஸ்திரேலிய மாணவர், ஆளில்லாத நிலப்பரப்புகளின் நடுவே படைமுகாம்களின் வடிவம் அதில் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். அதாவது அங்கே ஓடிய படையினர் தங்கள் முகாமைத் தாங்களே வரைந்து கொடுத்திருந்தார்கள். அது பெயர் நீக்கிய தரவு. அதே ஆண்டு ஜூலையில் பின்லாந்தின் போலார் நிறுவனத்தின் செயலியில் பெயர்களே வெளிவந்தன. படையினரும் உளவுத்துறையினரும் ஓடிய பாதைகளைப் பிடித்துக்கொண்டு அவர்களுடைய வீடுவரை போகமுடியும் என்று ஊடகவியலாளர்கள் காட்டினார்கள். நிறுவனம் அந்த வரைபட வசதியை நிறுத்திவைத்தது. உளவு வேலை பார்ப்பவர்களே கவனிக்காமல் விட்ட ஓர் அமைப்பை, அண்ணா திறந்து தந்த கணக்கில் நீங்கள் கவனிக்காமல் விட்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஐரோப்பியச் சட்டம்

நீங்கள் எழுதி வைத்திருக்கும் மின்னஞ்சலை வாசித்தேன். ஆங்கிலம் நல்லது, தொனி கடுமை, அடித்தளம் பிழை. அனுப்பாமல் என்னிடம் காட்டியது நல்லது.

ஜிடிபிஆர் என்று சொல்லப்படும் ஐரோப்பிய ஒழுங்குவிதி 2016இல் நிறைவேறி, 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது ஐரோப்பாவின் எல்லையைத் தாண்டும் என்று உரையாளர் சொன்னது சரி. ஆனால் எப்போது தாண்டும் என்பதற்கு அதன் 3ஆம் உறுப்புரையில் நிபந்தனைகள் இருக்கின்றன. நிறுவனம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நிலைகொண்டு, அங்குள்ள அதன் செயற்பாட்டின் பகுதியாக உங்கள் தரவைக் கையாண்டால், நீங்கள் எந்த நாட்டவர், எங்கே ஓடுகிறீர்கள் என்பது பொருட்டல்ல. நிறுவனம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால், ஒன்றியத்துக்குள் இருப்பவர்களுக்குச் சேவை வழங்கும்போதோ அங்கே அவர்களுடைய நடத்தையைக் கண்காணிக்கும்போதோதான் அந்தச் சட்டம் அதைப் பிடிக்கும். அமெரிக்க நிறுவனம், யாழ்ப்பாணத்தில் ஓடும் பெண் என்றால் இரண்டு வாசலும் பூட்டு. உரையாளர் இந்த நிபந்தனையைச் சொல்லாமல் விட்டிருக்கமாட்டார். ஒன்றரை மடங்கு வேகத்தில், நீங்கள் வீதியைக் கடந்துகொண்டிருந்த அந்த நொடியில் சொல்லியிருப்பார்.

ஆகவே செயலியின் தனியுரிமைக் கொள்கையைத் திறந்து, உங்கள் தரவுக்குப் பொறுப்பான நிறுவனம் எந்த நாட்டில் பதிவானது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் என்றால் உங்கள் மின்னஞ்சலைச் சிறிது திருத்தி அனுப்பலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தரவேண்டும், சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டலாம். அங்கே இல்லை என்றால், சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தாமல் செயலியிலேயே இருக்கும் அழிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெரிய நிறுவனங்கள் அந்த வசதியை எல்லா நாட்டவருக்கும் ஒரே மாதிரித்தான் வைத்திருக்கின்றன. சான்றுகளை எடுத்து முடித்த பிறகு, பொத்தானை அமத்தினால் நடக்கக்கூடிய வேலைக்கு எதற்கு மூன்று பக்கக் கடிதம்?

எங்கள் நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். இலங்கையில் இருப்பவர்களுக்குச் சேவை வழங்கும் அல்லது அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் நிறுவனங்களையும் அது நோக்குகிறது. அழிக்கக் கோரும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டிய முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. எழுத்தில் இருக்கும் உரிமையை நம்பி இந்த வாரத்துப் பாதுகாப்பைத் திட்டமிடக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தத் தரவுச் சட்டங்கள் எல்லாம் நிறுவனங்களையும் அமைப்புகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு தனிமனிதர் தன் சொந்தத் தேவைக்காகத் தகவல் பார்ப்பதை ஐரோப்பியச் சட்டமும் எங்கள் சட்டமும் வெளியே விட்டிருக்கின்றன. சந்தியில் நிற்பவரைத் தரவுச் சட்டத்தால் பிடிக்க முடியாது.

நிகழ்நிலைக் காப்புச் சட்டம், அதாவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெயரைப் பார்த்தால் உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவருடைய தனிப்பட்ட தகவலை வெளியிடுவதை அது குற்றமாக்குகிறது. உங்கள் விடயத்தில் அவர் எதையும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. வெளியிட்டது உங்கள் கைக்கடிகாரம், அவர் பார்த்திருக்கிறார். நாளைக்கு உங்கள் படத்தையோ முகவரியையோ எங்காவது போட்டால் கதை வேறு. கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் என்று பலர் எதிர்த்த சட்டம் அது. பொருந்தாத இடத்தில் அதை இழுத்தால் உங்கள் முறைப்பாடுதான் தளரும்.

பொலிஸ் நிலையத்துக்குப் போவதென்றால்

இங்கேதான் பழைய சட்டம் உதவும். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்ட வடிவில், சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியான தொல்லை கொடுப்பதையும் குற்றமாக்குகிறது. ஐந்து ஆண்டுவரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கைபட்டால்தான் குற்றம் என்று எங்கள் ஆட்களில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். அது பிழை.

ஆனால் உங்களுக்கு நம்பிக்கையை ஊதிப் பெருப்பிக்க விரும்பவில்லை. "இண்டைக்குப் பிந்திட்டீங்கள் போல" என்ற ஒரு வசனத்தை மட்டும் வைத்து நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நிற்காது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "காலை வணக்கம் சொன்னதும் குற்றமா, கனம் நீதவான் அவர்களே" என்று கேட்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன். பாதை மாற்றிய பிறகும் வந்து நின்றது, திரும்பத் திரும்ப நடந்தது, அதனால் நீங்கள் ஓட்டத்தையே நிறுத்தியது எல்லாம் சேரும்போதுதான் படம் தெரியும். கொப்பியில் எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

இப்போதைக்கு என் ஆலோசனை, வழக்கு என்று போகாமல் ஒரு என்றி, அதாவது பொலிஸ் புத்தகத்தில் ஒரு முறைப்பாட்டுப் பதிவு, போட்டு வைப்பது. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அவர்கள் செய்யும் தயவல்ல. எழுதியதை வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள். என்றி இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஏன் பிள்ளை இருட்டில ஓடுறீர்?" என்று யாராவது கேட்கக்கூடும். கோபம் வரும்தான். "வேலைக்கு எட்டு மணிக்குப் போகவேண்டும், அதனால்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு விடயத்துக்கு வாருங்கள். நேரில் போகமுன் யாரிடமாவது கதைக்கவேண்டும் போலிருந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உடனடி ஆபத்து என்றால் 119.

தம்பியிடம் சொன்னால் அவர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் "கதைப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்கவேண்டாம். அந்தக் "கதை" கைகலப்பில் முடிந்தால் அடுத்த நாள் முறைப்பாட்டாளர் அவர், சந்தேகநபர் உங்கள் தம்பி. நீங்கள் சொல்லவந்த விடயம் அந்த வழக்கின் அடியில் புதைந்துவிடும். இப்படி முடிந்த கதைகள் எங்கள் நீதிமன்றங்களில் ஏராளம்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள். பேச்சு விழும், ஓட்டத்தை நிறுத்தச் சொல்லியும் கேட்பா. ஆனால் நடந்ததை அந்தந்த நாளில் கேட்டறிந்த ஒருவர் வீட்டில் இருப்பது பிற்பாடு சாட்சியாக உதவும். நீங்கள் வெளியே போன நேரமும் வரவேண்டிய நேரமும் யாருக்காவது தெரிந்திருக்கவும் வேண்டும். அம்மா முடியாது என்றால் சித்தியோ, உடன் வேலை செய்யும் ஒருவரோ, யாராவது ஒருவர் கட்டாயம்.

காதும் வீதியும்

அம்மா சொன்னதில் பாதி சரி. இருட்டில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு ஓடினால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளும் கேட்காது, முதல் பஸ்ஸும் கேட்காது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனத்தின் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அந்தக் காதைத்தான். உங்கள் கவனக்குறைவும் ஒரு பங்கு என்று வாதாடி இழப்பீட்டைக் குறைக்கப் பார்ப்பார். ஒரு காதில் மட்டும், வீதியின் சத்தம் மேலோங்கும் அளவு குறைத்து வைத்துக் கேளுங்கள். காதுத் துளையை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்செட்டும் கிடைக்கிறது. நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். திரும்பத் தொடங்கும்போது கொஞ்ச நாளைக்கு விடிந்த பிறகு, ஆட்கள் நடக்கும் இடமாகப் பாருங்கள். பண்ணைப் பக்கமும் கோட்டையைச் சுற்றியும் காலையில் நடப்பவர்கள் இருப்பார்கள். நேரத்தையும் இடத்தையும் நாளுக்கு நாள் மாற்றுங்கள்.

தம்பியின் கேலிக்கு என் பதில்: ஓடும்போது கேட்பது வீணில்லை. இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்ததே அதனால்தான். ஆனால் கேட்டதை வைத்துக் கடிதம் எழுதவோ காசு செலவழிக்கவோ முன், மேசையில் இருந்து சட்டத்தின் அந்தப் பிரிவை ஒருமுறை கண்ணால் வாசிக்கவேண்டும். ஜிடிபிஆரின் 3ஆம் உறுப்புரை ஒரு பக்கம்கூட வராது.

வட்ஸ்அப் குரல் பதிவுகள்

படிப்புக்காக, இலவசமாக என்றால் பிரச்சினையே இல்லை என்பது எங்கள் ஊரில் ஆசிரியர்கள்கூட நம்பும் ஒரு தப்பெண்ணம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விரிவுரைகளையும் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களாகவே வைத்திருக்கிறது. பதிவு செய்யவேண்டும், முத்திரை வேண்டும் என்றெல்லாம் இல்லை. மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருக்கே. வெளிநாட்டுப் பேராசிரியர்தானே என்று விடவும் முடியாது, பதிப்புரிமைக்கான சர்வதேச பேர்ன் உடன்படிக்கையில் இலங்கையும் இருக்கிறது.

உங்களுக்குச் சாதகமான பக்கம் பெரியது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி எண்ணம், கோட்பாடு, வெறும் தரவு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது. சட்டங்களின் உத்தியோகபூர்வ உரைக்கும் கிடையாது. உரையைக் கேட்டு, அதில் சொன்ன கருத்தை உங்கள் சொந்தத் தமிழில், உங்கள் உதாரணத்தோடு சொன்னால் அது உங்கள் ஆக்கம். வரிக்கு வரி மொழிபெயர்த்து வாசித்தால் அது அவருடையது. இடையில் இருப்பதை 11ஆம் பிரிவின் நியாயமான பயன்பாடு என்ற விதி தீர்மானிக்கும். நோக்கம் என்ன, எவ்வளவு எடுத்தீர்கள், அதனால் மூல ஆக்கத்தின் சந்தை பாதிக்கப்படுமா என்று பார்ப்பார்கள். நீங்கள் அனுப்பிய மாதிரிப் பதிவுகளைக் கேட்டேன். செயற்கை நுண்ணறிவு பற்றியது சரி. ஐரோப்பாவின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்ததைச் சொல்லி, எங்கள் வங்கிக் கடன் விண்ணப்பத்தை உதாரணம் காட்டியது நன்றாகவே இருந்தது. மற்றது, பேராசிரியரின் பகிடி உட்பட முழு உரையின் தமிழ் வடிவம். அதை எடுத்துவிடுங்கள், அல்லது அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தங்கள் உரை தமிழில் போகிறது என்று கேட்டால் பேராசிரியர்கள் பெரும்பாலும் சந்தோஷம்தான் படுவார்கள்.

இன்னொரு வழி, உரிமத்தைப் பார்த்துத் தெரிவு செய்வது. எம்ஐடி பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்கள் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தரும் உரிமத்தில், வருகின்றன. பெயர் குறிப்பிட்டு, வர்த்தக நோக்கமில்லாமல், உங்கள் தமிழ் வடிவத்தையும் அதே உரிமத்தில் வெளியிட்டால் முழுவதையும் மொழிபெயர்க்கலாம். ஆனால் எல்லாக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமமும் அப்படியல்ல. வழிப்பட்ட ஆக்கம் (மூலத்தை மாற்றி உருவாக்குவது) கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தால், மொழிபெயர்த்துப் பகிர முடியாது.

யூடியூபிலிருந்து இறக்குவதைப் பற்றி: சட்டபூர்வமாகக் கிடைத்த பிரதியிலிருந்து சொந்தத் தேவைக்கு ஒரேயொரு பிரதி எடுக்க எங்கள் சட்டம் இடம் தருகிறது. ஆனால் யூடியூபின் நிபந்தனைகள், அவர்கள் தரும் பொத்தான் தவிர வேறு வழியில் இறக்குவதை அனுமதிப்பதில்லை. உங்களைத் தேடி யாரும் வழக்குப் போட வரப்போவதில்லை என்பது உண்மைதான். அந்த மாற்றும் தளங்கள் போனுக்குள் எதை இறக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை, அதுவும் அலுவலகக் கணக்கும் இருக்கும் போனில். பல பல்கலைக்கழகங்கள் அதே உரைகளைப் பொட்காஸ்ட்டாகவும் விடுகின்றன. அது இறக்கிக் கேட்பதற்கென்றே தருவது.

அந்த மூடிய கருத்தரங்கின் பதிவு வேறு வகை. அழைப்பிதழின் அடியில் சாத்தம் ஹவுஸ் (Chatham House) விதி என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1927இலிருந்து வரும் வழக்கம் அது. கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னது, அவர் எந்த நிறுவனம் என்பதை வெளியே விடக்கூடாது. இது சட்டமல்ல, கலந்துகொள்ளும்போது நீங்கள் ஒத்துக்கொண்ட நிபந்தனை. மீறினால் சிறைக்குப் போகமாட்டீர்கள், ஆனால் அதே வட்டாரத்தில் முதுமாணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு அந்தப் பெயர் நல்லதல்ல. அதில் பேசியவர்களின் குரல் உங்கள் போனில் இருக்கத் தேவையில்லை. குறிப்பு எழுதிக்கொண்டு பதிவை அழித்துவிடுங்கள், குழுவில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள்.